பசியில்லாத நோன்பு

சென்ற ரமலான் பிறை தெரிவதற்குச் சில நாட்களுக்கு முன்னர், தென்கொரியாவின் சுவோன் நகரிலிருந்து நமக்கொரு மடல் வந்தது. எழுதியவர் சிறு வயதில் நம்மிடம் ஓதியவர். இன்று அந்நாட்டில் ஆராய்ச்சி மாணவராயிருக்கிறார். ஸலாமும் நலம் விசாரிப்பும் முடிந்ததும் மடல் ஒரு மஸ்அலாவில் வந்து நின்றது. “சஹர் நேரத்தில் ஒரு மூலிகைக் கஷாயத்தை அருந்திவிட்டால் பகல் முழுதும் பசி தெரிவதில்லை. அவ்வாறு நோற்கும் நோன்பு நோன்பாகுமா, உஸ்தாது?”

இதற்கு ஒரு வரியில் விடை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். ஃபஜ்ரு உதயமாகுமுன் வயிற்றுக்குள் சென்ற ஹலாலான பொருள் எதுவும் நோன்பை முறிப்பதில்லை, நோன்பு கூடும். ஓராண்டு ஓதிய பிள்ளைக்குக் கூடத் தெரிந்த சட்டம் இது. ஆயினும் அம்மடலில் இன்னொரு பத்தி இருந்தது. அதைப் படித்த பின் எழுதுகோல் ஓடவில்லை. அப்பத்தியைச் சொல்லுமுன் அந்தக் கஷாயம் எத்தகையது, அந்நாட்டார் அதனை எதற்காக அருந்துகின்றனர் என்பதை வாசகர்கள் அறிந்துகொள்ளல் நலம்.

நம் நாட்டில் யூனானியும் சித்தமும் இருப்பதுபோலக் கொரியர்களுக்கும் நூல் மரபுடைய மருத்துவம் ஒன்றுண்டு. அரண்மனை மருத்துவரான ஹோ ஜுன் என்பார் 1610-இல் எழுதி முடித்து, 1613-இல் அச்சேறிய ‘தொங்உய் போகாம்’ அதன் தலையாய நூல். 2009-இல் யுனெஸ்கோ நிறுவனம் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. இம்மருத்துவத்துக்கென இன்றும் அங்கே தனிக் கல்லூரிகளும், அரசு உரிமம் பெற்ற மருத்துவர்களும் உள்ளனர். அவர்கள் உடற்பருமனுக்கு அளிக்கும் சிகிச்சைகளுள் ஒன்று, மட்டுப்படுத்திய பட்டினி.

‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று நம் நாட்டாரும் சொல்வர். ஆனால் கொரியரின் முறை வெறும் லங்கணம் அன்று. முதற் சில நாட்கள் உணவைப் படிப்படியாகக் குறைப்பர். அடுத்துச் சில நாட்கள் பல்லால் மெல்லும் பொருள் எதுவுமின்றி, மூலிகைக் கஷாயமும், நொதிக்க வைத்த பானங்களும், போதிய தண்ணீரும் மட்டுமே. இறுதியில் நீர்த்த அரிசிக் கஞ்சி, பிறகு குழைந்த கஞ்சி, பிறகு மெல்ல மெல்லப் பழைய உணவு. பட்டினி நாட்களிலும் சுமார் 200 முதல் 500 கலோரி வரை உள்ளே செல்லும்படி பார்த்துக்கொள்வர். அறவே உண்ணாதவன் உடல் கொழுப்பை மட்டும் எரிப்பதில்லை, தன் தசையையும் தின்னத் தொடங்கும். சிறிதளவு மாவுச்சத்தும் புரதமும் கொடுத்தால் அத்தேய்வு குறைகிறது. கஞ்சியில் முடிப்பதற்கும் காரணமுண்டு. நீண்ட பட்டினிக்குப் பின் ஒரேயடியாக உண்டால் இரத்தத்திலுள்ள பாஸ்பேட் திடீரெனத் தாழ்ந்து இதயம் நிலைகுலையும். இரண்டாம் உலகப் போரின் முடிவில் முகாம்களிலிருந்து மீட்கப்பட்டோருள் சிலர் பசியைத் தாங்கியிருந்து, கிடைத்த உணவால் மாண்டனர். நோன்பு திறந்ததும் கஞ்சிக் கோப்பையைக் கையில் ஏந்தும் நமக்கு இந்தக் கொரிய ஒழுங்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

கஷாயத்தை எல்லோர்க்கும் ஒன்றுபோல் கொடுப்பதுமில்லை. 1837-இல் பிறந்து 1900-இல் மறைந்த லீ ஜே-மா என்னும் அறிஞர், மனிதர் யாவரும் ஒரே வார்ப்பு அல்லர், பிறவியிலேயே நால்வகைப்பட்டவர் என்று நூல் செய்தார். நம் ஹகீம்கள் பேசும் நான்கு மிஸாஜுகளை இது நினைவூட்டும்; எனினும் அடிப்படை வேறு. இன்ன வகையார்க்கு இன்ன உள்ளுறுப்பு வலிது, இன்னது மெலிது, இன்ன உணர்ச்சி அவர்களை எளிதில் ஆட்கொள்ளும் என்று அவர் வகுத்தார். அவற்றுள் ‘தே-உம்’ என்னும் வகையார் ஈரல் பெரிதும் நுரையீரல் சிறிதும் வாய்ந்தவர். உடல் பருக்கும் இயல்பு இவர்களுக்கே மிகுதி என்பது அம்மருத்துவரின் கொள்கை. இவர்களுக்கென அமைந்த கஷாயத்தில் தஸ்பீஹ் மணியாகக் கோக்கத்தக்க விதையுடைய ஒரு புல்லின் அரிசி, செஸ்ட்நட் கொட்டை, முள்ளங்கி விதை, நம் வசம்பின் இனமான ஒரு வேர் ஆகியவை சேரும். இவற்றோடு சேரும் இன்னொன்றுதான் பசியை விரட்டுவது. ‘மா-ஹ்வாங்’ என அவர்கள் வழங்கும் எபெத்ராச் செடி அது.

எபெத்ரா கீழை நாடுகளில் பல நூற்றாண்டுகளாக இரைப்புக்கும் சளிக்கும் மருந்தாயிருந்தது. 1885-இல் நாகாயி என்னும் ஜப்பானிய அறிஞர் அதன் சத்தைப் பிரித்தெடுத்தார். எபெட்ரின் என்பது அதன் பெயர். அது நரம்பை முடுக்கும், இதயத்தை விரைவாக்கும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும், வியர்வை பெருக்கும், உறக்கத்தைக் கெடுக்கும், பசியைத் தணிக்கும். அமெரிக்காவில் இதனை மெலிவூட்டும் மாத்திரையாகக் கடைகளில் விற்று, மாரடைப்பும் மரணமும் நேர்ந்த பின், 2004-இல் அத்தகைய விற்பனையை அரசு தடை செய்தது. கொரியாவில் இது உணவுப்பொருள் அன்று. மருத்துவர் நாடி பார்த்து அளந்து கொடுக்கும் மருந்து. அளவாகக் கொடுப்போரும் உண்டு; பருமனே இல்லாத இளம்பெண்கள் அழகுக்காகக் கேட்டு வாங்கிப் பருகுவதும் உண்டு. பின்னதைப் பற்றி நாம் நீட்டிப் பேச விரும்பவில்லை. அல்லாஹ் கொடுத்த நலமான உடலைக் கண்ணாடிக்காக வருத்துவது அந்நாட்டுக்கு மட்டும் உரிய நோயன்று.

இனி அந்தப் பத்திக்கு வருவோம். மாணவர் எழுதியிருந்தார்:

“இங்குள்ள நண்பர் ஒருவர் அழைத்துச் செல்ல, ரஜபு மாதத்தில் பத்து நாட்கள் மருத்துவர் மேற்பார்வையில் இச்சிகிச்சை செய்துகொண்டேன். மூன்றாம் நாள் காலையில் ஒரு மாற்றம் தெரிந்தது. அறையில் ரொட்டி இருந்தது. அது வெறும் ரொட்டியாக இருந்தது. அது என்னைக் கூப்பிடவில்லை. நினைவு தெரிந்த நாள் முதல் உணவு என்னை ஓயாமல் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறது என்பதை, அக்குரல் அடங்கிய அன்றுதான் அறிந்தேன். உஸ்தாது, மற்றவர்களெல்லாம் எப்போதும் இப்படித்தான் இருக்கிறார்களா? இந்த அமைதியோடுதான் அவர்கள் நோன்பு நோற்கிறார்களா? அப்படியானால் அன்று வகுப்பில் தாங்கள் சொன்னது எனக்கு இப்போது வேறு விதமாகத் தெரிகிறது.”

அன்று வகுப்பில் நாம் சொன்னது என்ன? மாணவர் அதைத் திருப்பி எழுதவில்லை. எழுதாதது அவருடைய அதபு. நமக்கு நினைவிருக்கிறது. பன்னிரண்டு வயதிருக்கும் அவருக்கு, பருத்த பிள்ளை. ரமலான் இருபதாம் நோன்பு கடந்திருந்தது. அஸருக்கு முன் ஓதிக்கொண்டிருக்கையில் அவர் தூங்கி விழுந்தார். “நீ நோன்பு வைத்திருப்பது உன் வயிற்றுக்கு இன்னும் தெரியவில்லை போலும்” என்று நாம் சொன்னோம். வகுப்பே சிரித்தது. நாமும் சிரித்தோம். மெலிந்த தேகம் நமக்கு; உண்ண மறந்து கிதாபு பார்த்த நாட்கள் பல. அதனை அந்நாட்களில் நம் ஸப்ரு என்றே எண்ணியிருந்தோம்.

ஸப்ரு என்பது ஒன்றைத் தாங்குவதாயின், தாங்குவதற்கு எவ்வளவு வந்தது என்று கேட்க வேண்டாவா? பத்துப் படி நெல்லைச் சுமப்பவனும் ஒரு மூட்டையைச் சுமப்பவனும் ஒரே வழியில் நடக்கையில், பின்தங்கியவனைப் பார்த்துச் சோம்பேறி என்று சொல்வது நீதியா? பசி எல்லார்க்கும் ஒரே நிறை என்று நாம் கருதியிருந்தோம். அது அவ்வாறு இல்லை என்று இன்றைய அறிவு கூறுகிறது. ‘போதும்’ என்று மூளைக்கு அறிவிக்கும் லெப்டின் என்னும் சுரப்பு 1994-இல் கண்டறியப்பட்டது. ‘வேண்டும்’ என்று அறிவிக்கும் கிரெலின் 1999-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. இவ்விரு தூதர்களின் குரலும் ஆளுக்கு ஆள் மாறுபடும். இன்னும் வியப்பு யாதெனில், எடையைக் குறைத்தவனுக்குப் பசி குறைவதில்லை, ஏறுகிறது. 2011-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்று, பத்து வாரங்கள் மிகக் குறைந்த உணவால் எடை குறைத்தோரை ஓராண்டு கழித்துப் பார்த்தபோதும் பசிச் சுரப்புகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று காட்டிற்று. உடல் தான் இழந்ததைத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

மனவுறுதி இருந்தால் பசியை வெல்லலாமே என்பார் உளர். அவர்கள் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944, 1945 ஆண்டுகளில் நடந்த சோதனையை அறிதல் வேண்டும். போரில் ஆயுதமேந்த மாட்டோம் என்று மனச்சான்றின் பேரில் மறுத்து நின்ற இளைஞர் 36 பேர், பட்டினியால் வாடும் ஐரோப்பாவுக்கு உதவும் பொருட்டுத் தாமே முன்வந்து ஆறு மாதம் அரைப்பட்டினி கிடந்தனர். நாடே எதிர்த்த கொள்கையில் தளராது நின்றவர்கள், உறுதிக்குக் குறைவில்லை. அவர்களோ சில வாரங்களில் உணவைத் தவிர வேறெதனையும் நினைக்க இயலாதவராயினர். சமையல் நூல்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர், தட்டை நக்கினர், எரிச்சலும் சோர்வும் கொண்டனர். சோதனை முடிந்து வேண்டிய மட்டும் உண்ணக் கொடுத்த பின்னரும் பலருக்கு நெடுநாள் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை. பசி மிக்க இடத்தில் நற்குணமும் இப்படித்தான் தடுமாறும். நம் மாணவர் அத்தகைய குரலோடு வகுப்பில் அமர்ந்திருந்தார். அதனோடு முப்பது நோன்பையும் நோற்றார். இரண்டில் எவருடைய நோன்பு கனமானது?

இனி மஸ்அலாவுக்கு வருவோம். உடல்நலம் கருதிப் பசித்திருப்பதும் நோன்பும் ஒன்றா என்ற கேள்வி நம் இமாம்களுக்குப் புதிதன்று. செயல்கள் அவற்றின் நோக்கத்தைப் பொறுத்தவை என்பது ஃபிக்ஹின் முதல் விதி. அவ்விதியை விரித்துரைக்கும் இமாம் ஸுயூத்தி (ரஹ்), ‘அல் அஷ்பாஹு வந்நளாயிர்’ என்னும் தம் நூலில், குளிர்ச்சியையும் கருதி ஒளுச் செய்தவன் நிலை என்ன என்று ஆராய்கிறார். ஒளுச் செய்வோன் கருதினாலும் கருதாவிட்டாலும் தண்ணீர் குளிரத்தானே செய்யும். ஆகவே அவனது ஒளுக் கூடும் என்பதே வலுவான சொல். அதே இடத்தில், நோன்போடு ‘ஹிம்யா’வையோ மருத்துவத்தையோ சேர்த்து நிய்யத் செய்தவனையும் இவ்வழக்கில் சேர்க்கிறார். ஹிம்யா என்ற அரபுச் சொல்லுக்குத் தமிழில் பத்தியம் என்பதே நேரான பொருள். ஆக, இபாதத்தை நாடி நோற்பவன் உடல் இளைக்கவும் விரும்பினால் நோன்பு கெடாது. இபாதத்தின் நாட்டமே இன்றி இளைப்பதற்காக மட்டும் பசித்திருந்தால் அது பத்தியம். பத்தியத்தைக் குறை சொல்வாரில்லை, ஆனால் அது நோன்பாகாது. கொரியரின் பட்டினிச் சிகிச்சை இவ்வகையது. கஷாயமும் தண்ணீரும் பகலில் அருந்தப்படுவதால் வடிவத்திலும் அது நோன்பன்று.

சட்டம் இத்துடன் முடிந்தது. எனினும் மாணவர் கேட்டது சட்டம் மட்டுமன்று. பசியே இல்லாதவன் எதனை அடக்குகிறான் என்று அவர் உள்ளம் கேட்கிறது. தாம் ஏதோ களவு செய்வதாக அவர் அஞ்சுகிறார். அந்த அச்சத்துக்கு நம் வகுப்புச் சிரிப்பும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பசித் துன்பமே நோன்பின் குறிக்கோளாயின், சஹர் உணவை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏன் ஊக்குவித்தார்கள்? அதில் பரக்கத் உண்டு என்று ஏன் சொன்னார்கள்? சஹரைப் பிற்படுத்துவதும், நோன்பு திறப்பதை முற்படுத்துவதும் சுன்னத்தானது எதனால்? இரவும் பகலும் இடைவிடாது நோற்கும் விஸாலை உம்மத்துக்குத் தடுத்தது எதனால்? வெயிலில் நின்றுகொண்டே, நிழலையும் பேச்சையும் விலக்கி நோன்பிருப்பதாக ஒருவர் நேர்ந்துகொண்டார். அவரைப் பேசவும், நிழலில் ஒதுங்கவும், அமரவும் பணித்து, நோன்பை மட்டும் நிறைவு செய்யும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கட்டளையிட்ட செய்தி புகாரியில் உள்ளது. நோன்பை விட்டுவைத்து வீண் வருத்தத்தை மட்டும் நீக்கிய அந்தத் தீர்ப்பைக் காட்டிலும் தெளிவு வேண்டுமா? பேரீத்தம்பழமும் பாலும் சஹரில் உண்டு பசியைத் தள்ளிப்போடுவது சுன்னத் என்றால், பெரும்பசி என்னும் பிறவிச் சுமை உடையவன் அதனைப் பிறர் பசியின் அளவுக்கு இறக்கிக்கொள்ள மருந்து நாடுவது களவாகாது.

எனினும் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையன்று. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் வயிற்றின் இச்சையை முறிப்பது பற்றி ஒரு முழுப் பகுதி எழுதி, பசியின் பயன்கள் பத்து என்று எண்ணிக் காட்டுகிறார்கள். அவற்றுள் ஒன்று, பசித்தோரின் துன்பத்தை மறவாதிருத்தல். பகலில் விட்டதையெல்லாம் இரவில் சேர்த்து உண்பவனுக்கு நோன்பால் என்ன பயன் என்றும் அவர்கள் வினவுகிறார்கள். கஷாயம் பசியை அறவே துடைத்துவிட்டால் இந்தப் பயன் போய்விடுகிறது. இதனை நாம் மறுக்க மாட்டோம்.

கொரிய மக்களுக்கே இது தெரிந்திருக்க வேண்டும். ‘போரி-கொகே’ என்று அவர்கள் மொழியில் ஒரு சொல் உண்டு. வாற்கோதுமை மேடு என்பது பொருள். சென்ற அறுவடையின் அரிசி தீர்ந்து, புது வாற்கோதுமை முற்றாத வசந்த காலத்தைக் கடப்பது செங்குத்தான மேடு ஏறுவது போன்றதாம். புல்லையும் மரப்பட்டையையும் வேகவைத்துத் தின்று அம்மேட்டைக் கடந்தார்கள். 1960-களிலும் அது நேர்ந்தது. ஒருவரையொருவர் காணும்போது “சோறு சாப்பிட்டாயா?” என்று கேட்கும் வழக்கம் நம்மிடம் இருப்பதுபோல் அவர்களிடமும் இருக்கிறது. அம்மேட்டை ஏறிய பாட்டியார் இன்றும் உயிரோடிருக்கின்ற வீடுகளிலிருந்தே பேரப்பிள்ளைகள் பசியை அகற்றும் கஷாயத்துக்குப் பணம் கொடுக்கப் புறப்படுகின்றனர். அதற்காக அவர்களை ஏளனம் செய்ய நமக்கு வாயில்லை. உயரத்தின் வர்க்கத்தால் எடையை வகுத்த எண் 25-ஐ எட்டினாலே அந்நாட்டில் பருமன் என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் பொது அளவோ 30. ஆசிய உடலில் நீரிழிவும் இதயநோயும் குறைந்த பருமனிலேயே வந்துவிடுகின்றன என்பதால் வைத்த கணக்கு இது. நம் வீடுகளில் எத்தனை பேர் அதற்குள் அடங்குவோம்? பிரியாணிச் சட்டிகளைப் பார்த்தால் விடை தெரியும்.

இவ்விரண்டு பக்கத்தையும் பல இரவு நிறுத்துப் பார்த்துவிட்டு, தராவீஹ் தொடங்குவதற்கு முன்தினம் பதில் எழுதினோம்.

“தம்பி, வ அலைக்குமுஸ் ஸலாம். தங்கள் நோன்பு கூடும். அதில் களவேதுமில்லை. ஆனால் இந்த ரமலானில் அக்கஷாயத்தை அருந்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். காரணம் மார்க்கமன்று, மருந்தே. சிகிச்சை நாட்களில் தாகமெடுத்தபோதெல்லாம் தண்ணீர் குடித்தீர்கள். நோன்பில் அது இயலாது. வியர்க்கச் செய்து, இதயத்தை விரட்டும் ஒரு பொருளை உடலில் ஏற்றிவிட்டுப் பகலெல்லாம் நீரின்றி இருப்பது ஆபத்து. உடல் அமானிதம். ரமலானுக்குப் பின் அம்மருத்துவரிடமே, வேண்டுமாயின் நவீன மருத்துவர் ஒருவரிடமும், இரத்த அழுத்தத்தையும் இதயத்தையும் காட்டிக் கேட்டுத் தொடருங்கள். பசியின் குரல் பெரிதாயிருந்தால் சஹரில் மெல்லச் செரிக்கும் உணவாக உண்ணுங்கள். நேரம் முடியும் தறுவாயில் உண்ணுங்கள். அக்குரலைக் கேட்டுக்கொண்டே நோற்பதற்கான கூலியை அல்லாஹ் அறிவான், நாம் அறியவில்லை.

அன்று வகுப்பில் நாம் சொன்னதைத் தாங்கள் மறந்திருக்கலாம் என்று நம்ப விரும்பினோம். மறக்கவில்லை என்பதைத் தங்கள் மடல் காட்டியது. அச்சொல்லை நாம் திரும்பப் பெறுகிறோம். முப்பது பிள்ளைகள் முன்னிலையில் சொன்னதைத் தனி மடலில் திரும்பப் பெறுவது போதாது என்பதும் தெரியும். ஆதலின் தங்கள் பெயரைச் சொல்லாமல், இதனை ஒரு கட்டுரையாக எழுத அனுமதி கேட்கிறோம்.”

ரமலான் மூன்றாம் நோன்பன்று மறுமொழி வந்தது. அனுமதி தந்திருந்தார். ஸியோல் நகர இத்தேவோன் பள்ளியில், 1976-இல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளியில், பல நாட்டாரோடு அமர்ந்து நோன்பு திறந்ததாகவும், கஷாயம் அருந்தவில்லை என்றும், பசி பழைய குரலோடு திரும்பி வந்திருக்கிறது என்றும் எழுதியிருந்தார். “இம்முறை அது என்ன சொல்கிறது என்று உட்கார்ந்து கேட்கிறேன், உஸ்தாது. அஸருக்குப் பின்தான் அதிகம் பேசுகிறது.”

நம் மதரஸாவில் அந்நேரத்து வகுப்பில் இப்போதும் ஒரு பருத்த பிள்ளை உண்டு. அன்று அவர் தூங்கி விழுந்தபோது ஓதுவதை நிறுத்தி, எல்லோரையும் கால்மணி நேரம் படுத்தெழச் சொன்னோம்.